கிணறு இலக்கம் இருபத்தேழு

டிலக்சனா,
சனிக்கிழமை காலமை ஆறரைக்கு வா.
தொப்பி கொண்டு வா. செருப்பு வேண்டாம், சப்பாத்து.
செம்பாட்டு மண் பிடிச்சால் வெள்ளைச் சொக்ஸ் வெளுக்காது,
அதையும் யோசி.

கயிறு பிடிக்க ஒரு ஆள் குறையுது.
எங்கட பிரிவில எண்பது பேர்;
புன்னாலைக்கட்டுவன் வெயிலுக்கு வர
இரண்டு பேர்தான் கை தூக்கினவை.
மற்றவளுக்குக் காய்ச்சல்.

வேலை பெரிசில்லை.
போத்தலைக் கட்டி இறக்க வேணும்.
முதல் தரம் அலசி ஊத்த வேணும்.
இரண்டாம் தரம் நிரப்பி, மூடி,
ஒட்டுத்தாளில எழுத வேணும்:
கிணறு, திகதி, நேரம், ஆழம்.
உன்ர எழுத்து வடிவு. என்ர எழுத்தை
ஆய்வுகூடத்தில ஆராலும் வாசிக்கேலாது.

நான் படிவத்தில விவசாய பீடம் எண்டு எழுதின அண்டு
அம்மா இரவு சாப்பிடேல்லை.
"வெங்காயம் நட்டு நட்டுக் குனிஞ்ச முதுகு இது.
நிமிந்து நிண்டு செய்யிற வேலைக்குத்தானே
உன்னைப் படிப்பிச்சனான்?"
மறுமொழி சொல்லேல்லை.
இண்டைக்கும் என்னட்டை இல்லை.
கிணத்தைப் பாக்கவும் குனியத்தானே வேணும்.

இருபத்தேழு,
பெரிய வளவுக்காரற்ற கிணறு.
சின்னனில அம்மா அதில கைகளைக் குவிச்சபடி நிண்டவ.
ஆரோ வாளியை உயரப் பிடிச்சு ஊத்தினவை.
கயிறு எங்கட ஆக்கள் தொடக் கூடாது.

போன மாதம்
அந்தக் கட்டில முழங்கை ஊண்டி
என்ர கயிற்றை நான் இறக்கினன்.
கப்பி கிறீச்சிட்டது.
வேறொண்டும் நடக்கேல்லை.

முடிவு வந்தாப் பிறகு திரும்பிப் போனன்.
வீட்டுக்காரர் படலையடியிலயே கேட்டார்:
"பிள்ளை, மருமகள் பிள்ளைத்தாச்சி.
இதைக் குடிக்கலாமோ?"

லீற்றருக்கு அறுபத்து மூண்டு மில்லிகிராம் நைத்திரேற்று.
ஐம்பதுக்கு மேல கூடாது.
கொதிக்க வைச்சாலும் போகாது.
சொன்னன்.
சந்தோசம் வரும் எண்டு நினைச்சிருந்தன்,
பொய் சொல்லேல்லை.
வரேல்லை.
'கூடாது' எண்ட சொல்லு அந்தக் கிணத்தடியில
எங்கட வாயில இருந்து வந்தது
இதுதான் முதல் தரம் எண்டு மட்டும் பட்டுது.
அவர் தலையாட்டினார்.
மோர் குடிச்சிட்டுப் போகச் சொன்னார்.
கண்ணாடிக் கிளாசில.

எங்கட பொதுக்கிணறு எழுபத்தொண்டு.

ஐயா அந்தத் தாளைக் கனநேரம் வைச்சிருந்தார்.
முப்பது வருசம் மற்றாக்களின்ர தோட்டத்தில
நாட்கூலிக்கு யூரியா எறிஞ்ச கை.
"அப்ப இது நான் போட்டதோ?"

எனக்குத் தொண்டை அடைச்சிட்டுது.
புத்தகத்தில இந்தக் கேள்வி இல்லை.
பேனையை எடுத்துக்கொண்டு பக்கத்தில இருந்தன்.
ஆர் போடச் சொன்னது, எவ்வளவு?
சொல்லத் தொடங்கினார்:
எந்தத் தோட்டம், எத்தினை பரப்பு, எத்தினை அந்தர்,
எந்த மழைக்கு எத்தினை நாள் முதல்.
புகையிலைக்கு வேற, உருளைக்கிழங்குக்கு வேற.
விடியப்புறம் கொப்பி முடிஞ்சுது.

பேராசிரியர் புரட்டிப் பாத்திட்டு
இந்தத் தரவு எந்தத் திணைக்களத்தில எடுத்தது எண்டார்.
வீட்டில, எண்டன்.

நீ ஆர்ட்ஸ் எண்டு முடிவெடுத்திட்டாயாம்.
விருப்பமெண்டால் எடு, பிழையில்லை.
உங்கட பள்ளிக்கூடத்தில பயோவுக்கு ரீச்சர் இல்லை
எண்டதுக்காக எடாதை.
என்ர கொப்பியள் அப்பிடியே இருக்கு,
கரப்பான் அரிச்ச இரண்டைத் தவிர.
அந்த இரண்டையும் நானே திரும்ப எழுதித் தாறன்,
வாசிக்கக் கூடிய எழுத்தில.

வெள்ளி பின்னேரம் அறிவியல் நகரில இருந்து
பஸ் எடுத்து வந்திடுவன்.
முப்பத்திரண்டு கிணறு, மத்தியானத்துக்குள்ள முடிக்க வேணும்.
மழை வந்தால் வராதை.
இல்லை, பொறு.
மழை வந்தால் கட்டாயம் வா.
முதல் மழைக்குப் பிறகு
இருபத்தேழு ஏறுதோ இறங்குதோ
ஒருத்தரும் இன்னும் பாக்கேல்லை.
குடை என்னட்டை ஒண்டுதான் இருக்கு.
அது போத்தல்களுக்கு.