முப்பத்தெட்டாவது கிலோமீட்டர்

வரைபடத்தில் சிவப்புச் சாலை வேண்டாம், மஞ்சளும் வேண்டாம்.
வெள்ளையாய் விட்டிருக்கிறார்களே,
மயிரிழை அகலத்தில், எண்கூட எழுத இடமில்லாமல்,
அவை போதும் எனக்கு.
சைக்கிள் சங்கத்துக்கு வழி எழுதித் தருபவன் நான்.
ஒரே விதிதான்:
மணிக்கு இரண்டு காருக்கு மேல் வரக்கூடாது.
டிராக்டர் கணக்கில் சேராது.
டிராக்டர்காரர் கையசைப்பார்.

க்ரூஸ் மாவட்டம். மே மாதத்து வியாழன்.
ரெழீன் முன்னால், நான் பின்னால்.
அவள் சங்கிலிக்கு எண்ணெய் போடுவதே இல்லை;
அது முனகுவதை வைத்தே
ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
மூட மாட்டேன்.
வளைவுகளில் சரளை.

வேலியோரம் செம்மாடுகள்
ஒரே சமயத்தில் தலை தூக்கி
ஒரே சமயத்தில் எங்களை மறந்தன.
குயில் ஒன்று தன் பெயரை
இரண்டாய் உடைத்து உடைத்துப் போட்டது.
எதிர்காற்று இல்லை.
இதை எழுதக்கூடாது, எழுதினால் வந்துவிடும்.

பிறகு ஒரு ஊர்.
முதல் போரில் போனவர்களின் கல்லில்
இருபத்தாறு பெயர்.
கதவு திறந்திருந்த வீடுகளை எண்ணினோம்:
நான்கு.
ரொட்டிக் கடை இருந்த சுவரில் ரொட்டி இயந்திரம்.
காசை வாங்கிக்கொண்டது.
அதோடு சரி.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம்.
இந்த நாட்டில் சைக்கிள்காரர் முதலில் கற்பது அதுதான்:
எந்தக் கடை அடைத்தாலும்
பூச்செடிகளுக்கென்று அங்கே ஒரு குழாய் இருக்கும்.
குப்பியை நீட்டினேன்.
ஈயக் குழாயின் குளிர் பல்லில் ஏறியது.

கம்பித் தூரிகையால்
யாருடைய பெயரிலிருந்தோ பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார் ஒருவர்.
ஜெர்வே. மூன்று ஊருக்கும் ஒரே பணியாளர்;
திங்கள் செவ்வாய் அங்கே, வியாழன் இங்கே.
'இந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது?'
'அமைதி' என்றாள் ரெழீன்,
நல்லதைச் சொல்லும் முகத்தோடு.

அவர் தூரிகையைத் தட்டினார்.
'ஒரு செப்டம்பரில் பள்ளிப் பேருந்து நின்றது.
அப்புறம் பால் வண்டி.
தேவாலய மணிக்குக் கயிறு அறுந்தது, அறுந்ததுதான்.
நீங்கள் அதை அமைதி என்கிறீர்கள்.
நாங்கள் பெயர் ஏதும் வைக்கவில்லை,
வைக்க ஆள் கூடவில்லை.'
கோபமாய்ச் சொல்லவில்லை.
பாசியைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

என் பையில் இருந்தது அந்த விதி.
மணிக்கு இரண்டு கார்.
எனக்குப் பிடித்த ஒவ்வொரு வெள்ளைக் கோடும்
யாரோ கிளம்பிப் போன தடம் என்று
எனக்கு ஏன் தோன்றவே இல்லை?
தோன்றியிருக்கும்.
தோன்றினால் இறக்கத்தில் கால் தளரும்,
அதனால் மிதித்திருப்பேன்.

கிளம்பும்போது கை காட்டினார்:
'அந்தத் திருப்பத்தில் நீலக் கதவு, என் வீடு.
தாண்டும்போது மணி அடித்துவிட்டுப் போங்கள்.'
'உள்ளே யார்?'
'நாய். குரைத்து நாளாகிறது.
குரைப்பதற்கு ஒன்றும் வருவதில்லை.'

அடித்தோம்.
என் மணி பித்தளை, அவளுடையது பிளாஸ்டிக்,
கல்யாண மேளம் போல ஒத்துவராத இரண்டு.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு தொண்டையில் சிக்கிய ஒரு இருமல்.
பிறகு, அடடா,
என்ன குரைப்பு அது!
காடு கடந்து, பாலம் கடந்து,
ஏற்றத்தில் சங்கிலி முனகத் தொடங்கிய பிறகும்
பின்னாலேயே வந்தது.
ரெழீன் திரும்பிப் பார்த்துச் சிரித்ததில்
கியர் தப்பியது.

அன்றிரவு வழிக்குறிப்பில் எழுதினேன்:
முப்பத்தெட்டாவது கிலோமீட்டர்.
இடப்பக்கம் குழாய், குடிக்கலாம்.
ரொட்டி இயந்திரத்தை நம்பவேண்டாம்.
நீலக் கதவு. மணி அடிக்கவும்,
பலமாக, எல்லோரும்.

நாயின் பெயரைக் கேட்க மறந்திருந்தோம்.