புள்ளிக்கோடு

பீளமேட்டில், மூன்றாம் மாடியில்,
ஏசி உறுமும் இராப் பணியில்
எனக்கு ஒதுக்கியது ஒரு மலை.
தென்துருவத்தில் எங்கோ.
எண் நானூற்றுப் பதினேழு.

ஐம்பது வருசத்துக்கு முந்தி எவனோ
விமானச் சன்னலில் சாய்ந்து எடுத்த படங்கள்.
வலக்கண்ணுக்கு ஒன்று, இடக்கண்ணுக்கு ஒன்று.
கண்ணாடியை மாட்டி ரெண்டையும் ஒன்றாக்கினால்
மேசையிலிருந்து மலை எழுந்து
மூக்கில் இடிக்கும்.

நிழலை அளந்து உயரம் கணித்தோம்.
நூறு மீட்டருக்கு ஒரு கோடு.
சீவிய தேங்காய்ப் பத்தை மாதிரி முகடு,
கோழி கிளறிய மாதிரி தென்சரிவு.
மேற்கே மேகம்.
மூன்று படத்திலும் அதே மேகம்.
"தெரியாத பக்கம் புள்ளிக்கோடு போடு.
தெரிஞ்ச மாதிரி போட்டீன்னா சம்பளம் கட்"
என்றார் இன்னாசிமுத்து சார்.

ஒன்றரை சென்ட்டுக்காகப் பங்காளியோடு
பதினோரு வருசமாகத் தாராபுரம் கோர்ட்டுக்கு
நடக்கிறார் அப்பா.
எங்கள் காட்டை அளந்த சர்வேயரும்
ஒரு புள்ளிக்கோடு போட்டிருக்கலாம்.

பெயர்க் கட்டம் காலியாக இருந்தது.
விடியக்காலம் நாலு மணி.
'வெள்ளக்கரடு' என்று அடித்தேன்.
ஊரில் கரடுகளுக்கு யாரும் பெயர் வைத்ததில்லை,
ஆடு தேடிப் போனவர்கள்
கத்திக் கத்தி நின்ற பெயர்கள்.
இங்கே கத்த ஆளில்லை. ஆடுமில்லை.

பதினெட்டு நாள் அந்தப் பெயரில் இருந்தது.
பிறகு கமிட்டிக் கடிதம்:
ஏதோ கப்பலின் ரெண்டாம் சமையல்காரர், ஹெல்கெசன்.
கரையிலேயே இறங்காதவராம்.
வருத்தப்படலாமா என்று பார்த்தேன்.
அத்தனை குளிரில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவனுக்கு
ஒரு மலை. போகட்டும்.
எழுத்தைச் சாய்த்து
முகட்டோடு வளைத்து எழுதினேன்.
எட்டு எழுத்து.
கடைசி எழுத்து புள்ளிக்கோட்டின் மேல் போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, குண்டடம்.
போர் வண்டி போன தடம் இன்னும் ஆறவில்லை.
ஆயிரத்து நூறு அடி. புழுதிதான் வந்தது.
அச்சடித்த தாளை விரித்தேன்.
"இத்தனையும் ஐஸா அம்மிணி?"
"ஆமாங்ப்பா. ரெண்டாயிரம் அடி கனம்."
"கட்டித் தண்ணி" என்றார், தனக்கே.
பேர் என்னவென்று கேட்கவில்லை.
மேற்குப் பக்கத்துப் புள்ளிகளை மட்டும்
சுண்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தவர்
பாதியில் நிறுத்தினார்.

"இங்க யாரும் கல்லு நடலியா?"