குறிப்பில் ஏறாதது

மொந்தேவீதியோ, குடும்ப நீதிமன்றம், மூன்றாவது மாடி.
நேலிடா உருத்தி தட்டச்சு செய்கிறாள்.
பத்தொன்பது வருடமாக
முகங்களைப் பார்க்காமல்
பேச்சை மட்டும் வாங்கிக்கொள்ளும் விரல்கள்.

இன்று காலை ஒரு சலவை இயந்திரம், ஒரு நாய்.
நாய்க்கு இரண்டு பெயர்:
அவன் வைத்தது ஒன்று, அவள் கூப்பிடுவது ஒன்று.
எந்தப் பெயரில் பதிவது என்று நீதிபதி கேட்க
இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள்.

காதலித்தவர்கள் பகைவர்களாவதை
ஒரு நாளைக்கு ஆறு முறை கேட்கிறாள்.
மாலை ஐந்தரைப் பேருந்தில்
சன்னலோரம் இடம் கிடைத்தால்
அதே கதையைக் கடைசியிலிருந்து தொடங்குவதுபோல
பையிலிருந்து ஒரு நாவலை எடுக்கிறாள்.

அட்டையில் மாவு படிந்த இரண்டு கைகள்.
ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு ரொட்டிக்கடை.
அவன் கடைப் பலகை அவள் வெயிலை மறைக்கிறது.
நகரசபைக்கு அவள் எழுதியது ஏழு புகார்.
ஏழின் நகலையும்
அடுப்பருகே ஆணியில் குத்தி வைத்திருக்கிறான்.
எரிக்கத்தான் என்கிறான்.
நூற்று நாற்பதாம் பக்கம் வரை எரிக்கவில்லை.

"முடிவு தெரிந்த கதைக்கா காசு கொடுக்கிறாய்?"
நீதிமன்றச் சேவகன் வாஷிங்டன் கேட்கிறான்,
கக்கத்தில் வெந்நீர்க் குடுவையை இடுக்கி
மாத்தே உறிஞ்சியபடி.
முடிவுக்காக யார் படிக்கிறார்கள் என்கிறாள்.
முடிவுதான் இங்கே தினமும் கிடைக்கிறதே, இலவசமாக.

தமிழில் எழுதுகிற நான்
இதை ஊடல் என்று சொல்லித் தப்பித்துவிடலாம்.
ஆனால் ஊடலுக்கு முன்னால் ஒரு கூடல் வேண்டும்.
இந்த ரொட்டிக்காரர்கள் இன்னும் கைகூடக் குலுக்கவில்லை.
இது வேறு.
உன்னைப் பிடிக்காத ஒருவன்
உன் காலடிச் சத்தத்தை மனப்பாடம் செய்வது.
எங்கே குத்தினால் வலிக்கும் என்று தேடித் தேடி
உனக்கு எங்கெல்லாம் வலிக்கிறது என்பதை
வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்துகொள்வது.
தெரிந்த பிறகு,
கத்தி கையிலேயே இருக்க,
நிற்பது.

அந்த நிற்பதற்காகத்தான்
இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்குகிறாள் நேலிடா.

அவளுடைய சொந்த வழக்கு ஒன்றரைப் பக்கம்.
அனீபல் நல்லவர்.
பதினோரு வருடத்தில் ஒரு தட்டுகூட உடையவில்லை.
உப்பு கூடினால் சொல்லாமல் சாப்பிட்டு எழுவார்.
கடைசியாகக் கையெழுத்துப் போட்டு
பேனாவை மூடி, நன்றி சொல்லி அவளிடம் நீட்டினார்.
அது அவருடைய பேனா.
இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

நூற்று எண்பத்தெட்டாம் பக்கம்.
மழை, மின்சாரம் இல்லை,
தெருவில் ஒரே ஒரு அடுப்புதான் எரிகிறது.
(காதல் கதை எழுதுகிறவர்களுக்கு
மழைமேல் அப்படியொரு நம்பிக்கை.)
மாவு மூட்டைமேல் கண்ணயர்ந்து அவள் விழிக்கையில்
அவன் சொல்கிறான்:
நீ தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாய்.

நேலிடா புத்தகத்தை மடியில் கவிழ்க்கிறாள்.
இதை எங்கோ தட்டியிருக்கிறாள்.
எங்கோ என்ன, இன்று காலை, பத்து நாற்பதுக்கு.
நாய்க்காரன் சொன்னது, புகார் எண் நான்கு:
இவள் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள்.

நீ, இவள் ஆகியிருந்தது.
மற்றபடி ஒரே வாக்கியம்.

சன்னலுக்கு வெளியே
எல்லோரும் கடல் என்றே நடந்து பார்க்கிற ஆறு
பழுப்பாக அலையடிக்கிறது.

அவன் அதைச் சொன்னபோது
எதற்கென்று தெரியாமல் தலை நிமிர்ந்திருந்தாள்.
எதிரே அந்தப் பெண்ணின் உதட்டோரம்
என்னவோ அசைந்தது.
சிரிப்போ, விழித்துக்கொண்டே பல்லைக் கடித்தாளோ.
இயந்திரத்தில் அதற்கு விசை இல்லை.
விரல்களைத் தூக்கியபடி
அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள்.
நீதிபதி மணி பார்த்தார்.

நாயின் பெயர் இன்னும் பதிவாகவில்லை.