நிறைமட்டம்

ஊத்தங்கரையில் பஸ் மாறி
வாணிப்பட்டி ஏரிக்குப் போன அன்று
ஏரி இல்லை.
மே மாதம். நட்டநடுவில் பையன்கள் கிரிக்கெட்,
ஸ்டம்புக்குக் குத்தவைத்த மூன்று கரும்புத் தட்டை.

"தண்ணியே இல்லாததுக்குத் தூண் எதுக்கு மேடம்?"
மேனேஜர் புருஷோத்தமன் சிரித்தார்.

நூற்றிருபது மீட்டர் கீழே தாது.
ஏரிக்கு நேர் அடியில் பாறையை வெட்டாமல்
தூணாக விட்டுவிட வேண்டும்.
விட்டால் நீர் மேலே நிற்கும்.
ஏரி எவ்வளவு என்று வரைபவள் நான்.
இன்றைக்கு வரைந்தால்
மதகடியில் எருமை படுக்கும் குட்டை, அவ்வளவுதான்.

கருவேல மரங்களைப் பார்த்தேன்.
இடுப்புயரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சேற்றுக் கோடு.
கிழிந்த சுண்ணாம்பு மூட்டையோடு
யாரோ நடந்து போனதுபோல
மேட்டோரம் நத்தை ஓடுகள்.

அவற்றின் பின்னாலேயே போனேன்.
திரும்பிய இடமெல்லாம் திரும்பி,
நாகவேணியின் கடலைக்காட்டுக்குள் புகுந்து.
"எங்க காட்டையும் ஏரின்னு எழுதிடுவியா?"
ஓடுகள் அங்கேயும் கிடந்தன.
எழுதினேன்.
அவள் மண்ணை வாரித் தூற்றியது
முதுகில் பட்டது.

வெட்டும் அகலத்தைவிட
அமிழும் அகலம் பெரிது;
ஆகவே கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு.

மேனேஜர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இவ்வளவு கல்லையா விடுறது?
பென்சில்ல போடுங்க, பாத்துக்கலாம்."

பேனாவுக்காகப் பையைத் துழாவினேன்.
உள்ளே கிடந்த நத்தை ஓடு
விரலைக் கீறியது.