நான்காம் வரிசை

யாகுத்ஸ்கில் இரவு பதினொன்று.
லேனா ஆற்றுப் பனிச்சாலைக் கையேட்டுக்குள்
பதினாறு பேர் விழித்திருக்கிறார்கள்.
ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு துடிக்கும் கோடு.

நான்காம் வரிசை: சங்கார் துறை, பனியின் தடிமன், சென்டிமீட்டரில்.
அறுபத்திரண்டு என்கிறான் தோல்கூன்.
அதை அழித்து ஐம்பத்தெட்டு என்கிறாள் சாய்யினா.
மறுபடி அறுபத்திரண்டு.
மறுபடி,
பத்தொன்பது முறை.

தொகுப்பாளர் நான். பொறுமைக்குச் சம்பளம் வாங்குகிறவள்.
பொறுமை தீர்ந்தது.
இருவருக்கும் பொதுவாக அறுபது என்று எழுதிக்
கட்டத்தைப் பூட்டினேன்.
தேநீர் வைக்க எழுந்தேன்.

தொலைபேசியில் காற்றின் இரைச்சல்.
அதற்குள்ளிருந்து சாய்யினா:
"அவன் அளப்பது மேற்குக் கரையில்.
நான் கிழக்கில்.
உங்கள் அறுபது எங்கே இருக்கிறது அக்கா?
நாளைக் காலை டீசல் லாரி வருகிறது,
ஓட்டுகிறவன் என் தம்பி."

அடுப்பை அணைத்தேனா, நினைவில்லை.
பூட்டைத் திறந்தேன்.
வரிசையை இரண்டாகப் பிளந்து
அவரவர் எண்ணை அவரவர் கரையில் இறக்கினேன்.
என் அறுபதை அழித்தேன்.

பச்சைக் கோடு சற்று நேரம் அசையாமல் நின்றது.
நீலமும்.

பிறகு ஒலியோக்மின்ஸ்கிலிருந்து,
இதுவரை காற்புள்ளிகளை மட்டுமே திருத்திவந்த
ஒரு சாம்பல் நிறம்
ஓரத்தில் எழுதியது:
நட்டாற்றில் யார் அளந்தது?