கடைத்தரையில் அளந்தது

வேட்டை திறக்க ஒன்பது நாள்.
ஓசார்க் சரிவில் டாக்வுட் பூக்கள்
வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன.
புழுவும் தூண்டிலும் துப்பாக்கியும் ஒரே கூரையில் விற்கும்
என் கடைக்குள் நடீன் ஹச்கிராஃப்ட் வந்தாள்.
எரிவாயு லாரி ஓட்டுகிறவள்.
ஐந்தடி, மேலே ஒரு விரல்.

"கழுத்தறுக்காத பம்ப் ஒன்று காட்டு.
போன வசந்தத்தில் வைத்திருந்தது
இரண்டாம் தோட்டாவை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.
அந்த வான்சேவல் என்னைப் பார்த்தது.
பார்த்துவிட்டு
நடந்தே போனது.
ஓடக்கூட இல்லை."

அவமானத்தின் ருசி அறிந்தவன் நான்.
பின்னறையிலிருந்து பழையதை எடுத்து வந்தேன்.
இந்த மேசைக்கு அது நான்காம் முறை வருகிறது:
இரண்டு விவாகரத்து, ஒரு பல் வைத்தியம்.
விற்றவர் எவரும் துப்பாக்கியைக் குறை சொன்னதில்லை.
கட்டை தேய்ந்து, கறுப்பு உதிர்ந்து,
சேற்றில் விழுந்து எழுந்த முகம்.

மருந்தில்லாத தோட்டா ஐந்து கொடுத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள், தள்ளினாள்.
வேகமாக. மெதுவாக.
பயந்தவள் போல் அரைகுறையாக.
தலைகீழாகவும்.
சளக் சளக்.
ஐந்தும் தரையில் ஒரே இடத்தில் விழுந்தன.
"இதுவே" என்றாள். "குழல்?"

மூடியைத் திருகினால் கழன்றுவிடும், மூன்று குழல் இருந்தது.
எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் ஆரம்பித்தேன்:
இருபத்தெட்டு அங்குலம் எடு, நிதானமாகத் திரும்பும்,
நானே பத்தொன்பது வருடமாக...

அவள் கேட்கவில்லை.
புழு வைக்கும் ஃப்ரீசரில் முதுகைச் சாய்த்து
தரையில் உட்கார்ந்துவிட்டாள்,
மரத்தடியில் உட்காருவது போல்,
முழங்கால் இரண்டும் மேலே.
"சேவல் இடப்பக்கம் வருகிறது" என்று தனக்கே சொல்லி
சுவரோரமாகத் திருப்பினாள்.
கறுப்புக்கண்ணாடி அடுக்கு மொத்தமும் சரிந்தது.

"ஒரு சீடர் கிளை" என்றாள்.
"பறவை இப்போது அடுத்த மாவட்டத்தில்."

இருபத்தொன்று போட்டோம். எதிலும் இடிக்கவில்லை.
ஆனால் முனையில் எடையே இல்லாமல்
பூனைவால் போல் தாவி, நிற்க வேண்டிய இடம் தாண்டி நின்றது.

இதற்குள் மீன்குஞ்சு வாங்க வெர்லின் வந்தான்.
"பின்னால் நில், அசையாதே,
நீ ஓக் மரம்" என்றாள்.
வாளியோடு நின்றான்.
வாளியில் தண்ணீர் மட்டும் ஆடியது.

இருபத்துநான்கு.
மெல்லத் திரும்பியது.
கண்ணாடி அடுக்குக்கும் முனைக்கும் நடுவே
ஒரு கை புகும்.
மூச்சை விட்டாள்.
வெர்லினும் விட்டான்.

குழல் நீளம் தூரத்தைக் கூட்டாது என்று
அதற்குப் பிறகுதான் சொன்னேன்,
ரொம்ப நாளாகத் தெரிந்தவன் போல.
கழுத்தளவு வட்டத்துக்குள் ஈயமணிகளை நெருக்குவது
முனையில் திருகும் சோக்தான்.
அதற்கு இருபத்திரண்டு டாலர் தனி.
"காகிதத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு நம்புகிறேன்" என்றாள்.
படிவம் நிரப்பினாள், போன் போட்டேன்,
மறுமுனையில் சரி என்று சொல்லும்வரை
இருவரும் புழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லாரி போனது.
கதவைப் பூட்டி விளக்கைப் பாதி அணைத்தேன்.
தரைத்தூசியில் அவள் குதிகால் தடம் இரண்டு.
பெருக்கத் துடைப்பம் எடுத்தேன்.
பிறகு அதைச் சுவரில் சாய்த்துவிட்டு
என்னுடையதைக் கொண்டுவந்தேன்.
அறையைத் திறந்து காலி என்று பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.
உட்கார்ந்தேன். முழங்கால் முனகியது.

சேவல் இடப்பக்கம் வருகிறது.

திருப்பினேன்.

பத்தொன்பது வசந்தம்
கண்ணாடி கண்ணாடியாக
என் மடியில் விழுந்தது.