வேகம்: பூஜ்யம்

மினாஸுக்கு வெளியே, எட்டாம் நெடுஞ்சாலையில்,
பெட்ரோல் பங்க்கில் மூன்றாம் குழாய்க்கு முன்னால்
வண்டி விழுந்தது.
நூற்றுப்பத்தில் வந்தபோது விழவில்லை.
கம்பளி மூட்டைகள் ஏற்றிய லாரி கடக்கையில்
காற்று தோளில் இடித்ததே, அப்போதும் விழவில்லை.
நின்றபிறகு விழுந்தது.

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர் நீதிமன்றத்தில்
வாக்குமூலம் தட்டச்சு செய்கிறேன்.
'ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தார்':
கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.
அந்த ஒரு வரிக்குள்
இவ்வளவு நேரம் இருக்கிறதென்று
வந்தவர் யாரும் சொன்னதில்லை.

இடது காலை ஊன்றினேன்.
ஊன்றிய இடத்தில் டீசல்.
டீசலென்று பிறகுதான் தெரிந்தது. அப்போது
தரை என்னை விட்டு எங்கோ கிளம்புகிறது என்றிருந்தது.
வண்டி கொஞ்சம் சாய்ந்தது. பிடித்தேன்.
இன்னும் கொஞ்சம்.
பிடித்தேன்.
தொடையும் தோளும் பல்லும் சேர்ந்து
இருநூற்றுப் பத்து கிலோவைப் பிடித்திருக்கையில்
ஒரு கோடு வருகிறது.
கோட்டுக்கு இந்தப் பக்கம் அது வண்டி,
மூன்று வருடச் சேமிப்பு, நீல நிறம்.
அந்தப் பக்கம் வெறும் எடை.

இழந்தேன் என்றுதான் படிவத்தில் வரும்.
இல்லை, நீதிபதி அவர்களே.
முக்கால் தூரம் கூடவே குனிந்து போய்
விட்டேன்.

பெரிய சத்தமில்லை.
கிளட்ச் லீவரின் முனை ஒடிந்தது.
கண்ணாடி திரும்பி வானத்தைப் பார்த்தது.
பக்கப்பைக்குள் தெர்மாஸ் நொறுங்கியது,
தட்டில் சர்க்கரை கொட்டுவதுபோல.
எஞ்சின் மட்டும் படுத்தபடியே
பேசிக்கொண்டிருந்தது.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள்.
மீசை இல்லாதவளுக்கு
மண் வேறு இடம் பார்த்துக்கொண்டது:
முழங்கால், உள்ளங்கை, புது ஜாக்கெட்டின் முழங்கை.
நான் முதலில் பார்த்தது வண்டியையல்ல.
காலையுமல்ல.
யார் பார்த்தார்கள் என்று பார்த்தேன்.

காற்றடிக்கும் இடத்தில் ஒரு நாய்.
குழாயைக் கையில் பிடித்தபடி நின்ற பையன்,
சட்டையில் வில்மார் என்று தைத்திருந்தது.
பிக்கப் வண்டியில் ஒரு தம்பதி;
மாத்தே குழலை வாயில் வைத்த அந்த அம்மாள்
உறிஞ்ச மறந்திருந்தாள்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் நானும் சேர்ந்திருப்பேன்.

வில்மார் ஓடி வந்தான். வேண்டாம் என்றேன்,
தேவைக்கு மேல் உரக்க.
சாவியைத் திருப்பி அணைத்தேன்.
வண்டிக்கு முதுகு காட்டி
இருக்கையில் இடுப்பை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன்,
சண்டை போட்டவர்கள் ஒரே பெஞ்சில் உட்காருவதுபோல.
ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின்கம்பியில்.
தள்ளினேன்.
செருப்பளவு எழுந்து திரும்பப் படுத்தது.
மறுபடி தள்ளியபோது
டீசலில் நானே வழுக்கினேன்.

பையன் எதுவும் சொல்லவில்லை. வாளியோடு போனான்,
மணலோடு வந்தான்,
என் காலடியில் தூவினான்.
பிறகு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்,
எழுந்தது எதிர்ப்புறம் சாய்ந்துவிடாதபடி.
தொட்டானா என்றுகூடத் தெரியவில்லை.
பின்னோக்கிச் சிறுசிறு அடியாக நடந்தேன்.
எழுந்தது.
குதிகாலால் ஸ்டாண்டைத் தேடினேன்,
முதல் முறை கிடைக்கவில்லை.

பிக்கப்பிலிருந்து அந்த அம்மாள் இறங்கி வந்து
மாத்தே குவளையை நீட்டினாள்.
என் கை நடுங்கியதில் குழல் குவளையோடு கிணுகிணுத்தது.
"இவர் மூன்று தடவை" என்றாள், பின்னால் காட்டி.
"இரண்டு" என்றது பிக்கப்.
"கொட்டகையில் விழுந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்."
பிக்கப் பதில் பேசவில்லை.

ஒடிந்த லீவரில் இரண்டு விரலுக்குத்தான் இடமிருந்தது.
இரண்டு விரலால் வீடு வந்தேன்.
வழி முழுக்க இடது கண்ணாடியில் மேகம்;
அதைத் திருப்பிச் சரிசெய்ய மனமில்லை.

திங்கட்கிழமை ஒரு டெலிவரி பையன், கையில் கட்டு.
"நின்றுகொண்டுதான் இருந்தேன்" என்றான்.
நீதிபதி எதிர்த்தரப்பைப் பார்த்தார்.
எதிர்த்தரப்பு கூரையைப் பார்த்தது.
நான் அடித்தேன்: நின்றுகொண்டுதான்.
அந்தத் 'தான்' வழக்கமாக நாங்கள்
சேர்ப்பதில்லை.